டிவி கேட்ட கேள்வி

சிவாஜிநகர் கடையில் சாதாரண டிவியே போதும் என்றேன். என் கணவர் கேட்கவில்லை. "சும்மா இரும்மா, இந்தக் காலத்துல யாரு அத வாங்கறாங்க?" என்று ஸ்மார்ட் டிவியை எடுத்துவிட்டார்.

நான் தயங்கியதற்குக் காரணம் உண்டு. அவர் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்; சில சமயம் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். பழைய டிவியில் தமிழ், கன்னடம், உருது என்று சேனலை மாற்றிக்கொண்டே இருப்பார். உள்ளறையில் தைக்கும் எனக்கு, குரல்கள் அப்படி மாறுவதுதான் அவர் நலமாயிருக்கும் சேதி.

புது டிவியிலோ தொடரில் ஒரு பகுதி முடிந்தால் அடுத்தது தானே ஓடும். அன்று பிற்பகல் மழை. எங்கள் பிரேசர் டவுன் தெருவே கண்மூடிக் கிடந்தது. ஹாலிலிருந்து பேச்சும் இசையும் மிதந்து வர, அவர் பார்க்கிறார் என்ற நிம்மதியில் நானும் பாதிக் கனவில் தைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது. எழுந்து போனேன்.

வெகு நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாததால் படத்தை நிறுத்திவிட்டு, 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வியர்வையில் நனைந்து சோபாவில் சாய்ந்திருந்தார். பேச்சு குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது. விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். மெல்லக் கண் தெளிந்து, "கதை எங்க நின்னுச்சு?" என்றார்.

டிவியை மாற்றவில்லை. தானாக ஓடுவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் வீடு அமைதியாகிவிடும். நானும் தையலை நிறுத்திக் காத்திருப்பேன்.

"இருக்கேம்மா" என்று ஹாலிலிருந்து குரல் வந்த பிறகுதான் மெஷின் மறுபடி ஓடும்.