கொக்குவிலில் கொடுத்த உலக விருது

என் கணவர் கணித ஆசிரியர். வகுப்பில் அவர் பேசுவது மூன்றாவது வரிசை வாங்குக்கு அப்பால் கேட்பதில்லை என்று பிள்ளைகள் வீட்டில் போய் முறையிடுவார்கள். அதே மனிதர் காலையில் கிணற்றடியில் வாளியைக் கையில் எடுத்தால் மூன்று வளவுக்குக் கேட்கப் பாடுவார். தேவாரத்தில் தொடங்கி, தலைக்கு வார்க்கும்போது பழைய படப்பாட்டுக்கு வந்து, துவட்டத் துவாயை எடுத்ததும் நிறுத்திவிடுவார். வீட்டுக்குள் வந்த பிறகு ஒரு வரி பாடச் சொன்னால், தனக்குப் பாடத் தெரியாது என்பார். அது அவருடைய அடக்கம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் கொக்குவிலில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டாக இருக்கலாம். போரால் ரயில் நின்றுபோயிருந்தது. மின்சாரமும் அதனோடு போயிருந்தது. அடுத்த வளவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் வாசிகசாலையின் தலைவர். அவர் வீட்டு விறாந்தையில் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும், டைனமோ ஓடினால் ரேடியோ பேசும். பின்னேரச் செய்திக்கு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடி, முறை வைத்துச் சுற்றுவோம்.

அன்று என் முறை. செய்தி முடிந்ததும், எங்கோ ஒரு நாட்டில் நடந்த இசை விருது விழாவைப் பற்றிச் சொன்னார்கள். உலகம் முழுவதிலுமுள்ள ஆண் தனிப்பாடகர்களுள் சிறந்தவருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருதாம். இந்த முறை அதைப் பெற்றவர் என்று சொல்லி அறிவிப்பாளர் ஒரு மூச்சு விட்ட இடத்தில் எனக்குக் கை கடுத்துவிட்டது. மற்றக் கைக்கு மாற்றுவதற்குள் பெயர் போய்விட்டது. திரும்பச் சுற்றியபோது கால்பந்துச் செய்தி போய்க்கொண்டிருந்தது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கலாம் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். பிறகு, அந்த விருது யாருக்குக் கிடைத்திருக்கும் என்று விவாதம் தொடங்கியது. இந்தியாக்காரனாகத்தான் இருக்கும் என்றார் ஒருவர். வெள்ளைக்காரர் தங்கள் ஆட்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்றார் இன்னொருவர். தேநீர் இரண்டு முறை வந்தது. கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் முழங்காலில் தட்டினார். அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது, கொடுப்பதற்கு முன்னால் நம்மை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை, ஆகவே நாமே ஒன்று கொடுப்போம் என்றார்.

என் எழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் அறிவித்தல் எழுதும் வேலை எனக்கு வந்தது. 'உலக ஆண் தனிப்பாடகர் விருது' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உலகம் எதற்கு, கொக்குவில் போதாதா என்று கேட்டேன்.

"உலகத்திலை ஆரும் வரலாம் எண்டுதானே போடுறம் பிள்ளை. வராட்டி அது அவையின்ரை பிழை."

பெண்களுக்கு ஏன் இல்லை என்றும் கேட்டேன். அந்த நாட்டிலும் பெண்களுக்கு வேறாகத்தான் கொடுப்பார்கள், நாம் அடுத்த வருடம் கொடுப்போம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நடுவர்களில் ஒருத்தியாக என்னைப் போட்டார். சின்ன வயதில் சங்கீதப் பரீட்சையில் நாலாம் தரம்வரை படித்தவள் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டாவது நடுவர் அவரே. மூன்றாவது, உடுவிலில் இருந்த ஒரு வயதான சங்கீத ரீச்சர். கண்டிப்பானவர், குடையை மடக்கிப் பிடித்தபடியே தாளம் போடுவார்.

அறிவித்தல் ஒட்டிய அன்றே பட்டியலில் முதலாவது பெயராக என் கணவரின் பெயர் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் யாரையும் கேட்காமல் எழுதியிருந்தார். என் கணவருக்கு மறுத்துப் பேச வராது. நடுவரின் கணவர் போட்டியிடலாமா என்று நான் கேட்டதற்கு, நடுவர் நீதியாக இருந்தால் யாரும் போட்டியிடலாம் என்று பதில் வந்தது.

மூன்று நாள் என் கணவர் வீட்டில் அறைக்குள் நின்று பாடிப் பழகினார். பாடினார் என்று சொல்ல முடியாது. வாய் திறக்கும், காற்று வரும், சத்தம் வராது. உண்மையாகவே அவருக்குப் பாடத் தெரியாது என்பதை அப்போதுதான் கண்டேன். நாலாம் நாள் நான் வாளியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். கொஞ்சம் சத்தம் வந்தது. கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கயிற்றைப் பிடிக்கவைத்தேன். முழுக்குரலும் வந்துவிட்டது.

"கயிறு இழுக்கேக்கை நெஞ்சு தானாத் திறக்குது," என்றார், பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. "என்ன செய்யிறது, சொல்லும்."

நல்லகாலம், வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது.

போட்டி ஒரு சனிக்கிழமை பின்னேரம். வாங்குகள் நிறைந்து, யன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். உலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலில் பாடியவர் ஒரு வங்கி எழுதுவினைஞர். படப்பாட்டுப் பாடினார். பாட்டுக்கு இடையில் வரும் வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாவற்றையும் வாயாலேயே வாசித்தார். பின்னால் பாடும் பெண்கள் கூட்டத்தையும் அவரே பாடினார். முடிந்ததும் ரீச்சர் குடையை நிலத்தில் ஊன்றி, தனிப்பாடகர் போட்டிக்கு ஏன் கோஷ்டியோடு வந்தீர் என்று கேட்டார். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, தான் ஒருவன்தான் வந்ததாகச் சொன்னார்.

அடுத்தது என் கணவர். சபை எழுந்து பின்பக்கம் கிணற்றடிக்குப் போகவேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர், வண்டி வேறு மேடைக்கு வருகிறது என்று சொல்லும் குரலில் அறிவித்தார். ஆட்கள் வாங்குகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டி, வாளியை இறக்கி, தேவாரத்தைத் தொடங்கினார். அழகாகத்தான் பாடினார். இழுத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. முதல் மூன்று வாளி தொட்டியில் நிறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிப்போய்க் குடங்களோடு வந்து வரிசையாக நின்றார்கள். குடங்களும் நிறைந்தன. படப்பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது தண்ணீர் வாழைப்பாத்தியைத் தாண்டி முன்வரிசைக்கு வந்தது. ஆட்கள் கால்களை வாங்கின் மேலே தூக்கிவைத்துக் கேட்டார்கள். நடுவர்கள் மூவரும் மட்டும் மரியாதைக்காகத் தண்ணீருக்குள் கால் வைத்திருந்தோம்.

அவர் முடித்ததும் நல்ல கைதட்டல். கிணற்றுக் கப்பியின் கிரீச்சுச் சத்தம் பக்கவாத்தியமாகுமா என்று ஸ்டேஷன் மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"கப்பி சுருதியிலை நிக்குது," என்றார் ரீச்சர். "ஆள்தான் கொஞ்சம் கீழை."

மூன்றாவது ஆள் மயிலிட்டிக் கடற்றொழிலாளி. ஐம்பது வயதிருக்கும். அங்கிருந்து இடம்பெயர்ந்து இரண்டு வருடமாக எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு இருந்தார். கடல் ஏழெட்டு மைல்தான், ஆனால் இராணுவம் நின்றதால் போக முடியாது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுத்தான் தனக்குத் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஈரத்துக்குள் காலை அகட்டி ஊன்றி, ஒரு வரி பாடினார். பிறகு நிறுத்தினார்.

மறந்துவிட்டாரோ என்று நினைத்தோம். அவர் மறக்கவில்லை. அந்தப் பாட்டில் ஒருவர் ஒரு வரி சொன்னால் வலையைப் பிடித்திருப்பவர்கள் மறுவரி சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க அப்படிப் பாடியவருக்கு மறுவரி வராமல் அடுத்த வரி வரவில்லை. வெறுமையாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது என் பக்கத்தில் "ஏலேலோ" என்று ஒரு குரல் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர். நடுவர். இரண்டாவது வரிக்கு வாங்குகளுக்குப் பின்னால் நின்றவர்கள் சேர்ந்தார்கள். நாலாவது வரிக்கு வங்கி எழுதுவினைஞர் சேர்ந்தார், குடத்துப் பெண்கள் சேர்ந்தார்கள், ரீச்சரின் குடை சேர்ந்தது. என் கணவர் கயிற்றைப் பிடித்தபடியே பாடினார். நானும் பாடினேன்.

தீர்ப்புக்காகப் பத்திரிகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். தனியாகப் பாடியவர் ஒருவருமில்லையே, விருதை என்ன செய்வது என்று ஸ்டேஷன் மாஸ்டர் கவலைப்பட்டார். அவருடைய வாக்கு அயலவரான என் கணவருக்கு. ரீச்சருடையது மயிலிட்டிக்காரருக்கு. மற்றவர்கள் தாங்களாகச் சேர்ந்தது பாடியவரின் குற்றமில்லை, முதலில் சேர்ந்தவர் இந்த அறைக்குள்தான் இருக்கிறார் என்றார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெடலை விட்ட அன்று எல்லோரும் பார்த்ததைவிட நெடுநேரம் பார்த்தார்கள்.

மயிலிட்டிக்காரருக்கு என்றேன்.

வெற்றிக் கிண்ணம் புதிதாக வாங்க வழியில்லை. பழைய கரப்பந்தாட்டக் கிண்ணம் ஒன்றை மினுக்கி வைத்திருந்தோம். அதன் உச்சியில் ஒருவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். உச்சஸ்தாயியில் பாடுகிறான் என்று வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் நல்ல தீர்ப்பு என்றார். உண்மையாகவே சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அந்தப் பாட்டில்தான் ஸ்டேஷன் மாஸ்டர் தினமும் மணிக்கூட்டைச் சரிபார்ப்பாராம். வேலிக்கு மேலால் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் தேவாரம் கேட்டது. நான் அடுப்படியை விட்டு அசையவில்லை. கேட்டேன் என்று காட்டிக்கொண்டால் நின்றுவிடும்.

அந்த வாரம் மயிலிட்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிண்ணத்தோடு நாங்கள் கொடுத்த சான்றிதழைக் கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, இதிலை இன்னும் ஏழு பேரின்ரை பேர் எழுத வேணும்," என்றார். "எங்கடை வலை எட்டுப் பேர் இழுக்கிறது."

அவர்களில் இரண்டு பேர் இந்தியாவில் முகாமில் இருந்தார்கள். ஒருவர் எங்கே என்று அவருக்கே தெரியாது. போட்டி விதியில் இதற்கு இடமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கோடுகள் எப்போதும் சரியும் என்பதால் என் கணவர் அடிமட்டமும் பென்சிலும் எடுத்து வந்து, கீழே இருந்த வெற்றிடத்தில் ஏழு கோடு போட்டுத் தந்தார். மயிலிட்டிக்காரர் ஒவ்வொருவரையும் பற்றி ஒரு கதை சொல்ல, நான் பெயரை எழுத, தேநீர் ஆறிப்போனது. முடித்ததும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார். தன்னுடைய பெயரையும் கடைசியில் எழுதச் சொன்னார். அது மேலே பெரிதாக இருக்கிறதே என்றேன். அங்கே விருதுக்காக இருக்கிறது, இங்கே ஆட்களோடு இருக்கட்டும் என்றார்.

என் கணவர் எட்டாவது கோட்டைப் போட்டார். எழுதிக் கொடுத்தேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. சான்றிதழைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு பொலித்தீன் பை தேடி எடுத்துக் கொடுத்தோம்.