பொய்ப்பூச்சி கட்டிய அனுசூயா

மொன்றியல் நகரத்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பூங்காவில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. இருந்தும் 1971 மே மாதம் முழுவதும், சாயங்காலம் ஆறு மணி ஆனால் அனுசூயா அங்கே புல்வெளியில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் சாம்பல் நிறக் கோட்டு, கையில் ஒன்பதடிக் கழி, நூல் நுனியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி. இருபது தப்படி தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்திருப்பாள். கம்பளித் துண்டு அதில் ஓசைப்படாமல் போய் உட்கார வேண்டும். கணவர் மணிவாசகம் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

நாயைக் கூட்டிக்கொண்டு வந்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி நின்று பார்த்தாள். “போன்ஜூர் மதாம். இங்கே மீன் கிடையாதே?”

“தெரியும். மீன் இருக்கும் இடத்துக்குப் போவதற்குள் கை பழக வேண்டாமா?” என்றாள் அனுசூயா.

மணிவாசகம் அணைக்கட்டு என்ஜினியர். 1967இல் அவருக்கு வேலை கிடைத்து இருவரும் மொன்றியலுக்கு வந்தார்கள். அனுசூயா சென்னையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்து, பெண்கள் கல்லூரியில் ஐந்து வருஷம் பாடம் எடுத்தவள். பூச்சிகள்தான் அவளுடைய படிப்பு. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பூச்சிச் சேகரிப்பில் உதவியாளர் வேலை கிடைத்தது. செத்த பூச்சிகளுக்கு ஊசி குத்தி, பெயர்ச்சீட்டு எழுதி, பெட்டியில் அடுக்கும் வேலை. படித்த படிப்புக்கு அது குறைச்சல்தான். ஆனால் பூச்சியைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்கு அது ஞாபகம் வராது.

அங்கே அவளோடு வேலை பார்த்தவன் ரெஜான். அவள் வயதுதான். கிழக்கே கடலோரத்தில் இருக்கும் கஸ்பே பக்கத்து ஆள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே இறகும் நூலும் வைத்து முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிகள். தண்ணீர்மேல் விழுந்த பூச்சி என்று ட்ரவுட் மீன் நம்பிப் பாய்ந்து கவ்வுவதற்காகக் கட்டியவை. அனுசூயா ஒன்றை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

“இது ஆற்றில் பொரிக்கும் மே ஈயா?”

“ஆமாம்.”

“இந்த ஜாதிக்கு வால் மூன்று. நீங்கள் இரண்டுதான் வைத்திருக்கிறீர்கள். சிறகும் படுத்திருக்கக் கூடாது, நிமிர்ந்து நிற்க வேண்டும்.”

ரெஜான் சிரித்தான். “அப்படியானால் நீங்களே ஒன்று கட்டுங்கள்.”

கட்டினாள். கோழிக்கடையில் கேட்டு வாங்கிய சேவல் இறகு, பழைய கோட்டின் கழுத்துப்பட்டியிலிருந்து பிய்த்த ரோமம், தையல் நூல். ஒரு வாரத்தில் ஆறு பூச்சிகள் கட்டி ரெஜானிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை ரெஜான் வந்ததும் வராததுமாக அவள் மேஜைக்கு வந்து நின்றான். மற்றவர்கள் வெறும் கையோடு திரும்பிய ஆற்றில் அவன் பதினோரு ட்ரவுட் பிடித்திருந்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கணவரிடம், “நானே போய் வீசிப் பாக்கணும்,” என்றாள்.

மணிவாசகம் பரம்பரைச் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. “நாம சாப்பிடறதில்லையே. பிடிச்சு என்ன பண்ணப் போற?”

“விட்டுடுவேன்.”

“விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?”

“நான் கட்டினது சரியா தப்பான்னு வேற யார் சொல்லுவா? மீன்தான் சொல்லணும்.”

கழி எங்கே கிடைக்கும் என்று கேட்டார் அவர்.

பூங்காவில் கை பழகி, அந்த இலையுதிர் காலத்தில் லோரன்ஷியன் மலை ஆறு ஒன்றில் அவள் முதல் ட்ரவுட்டைப் பிடித்தாள். ஒரு சாண் நீளம்தான். ஈரக் கையால் எடுத்து, முள்ளைக் கழற்றி, தண்ணீரில் விட்டாள். அப்புறம் வருஷா வருஷம் செப்டம்பர் வந்தால் சனி ஞாயிறுகளில் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். நவராத்திரிக்குக் கூடிய இடத்தில் சிநேகிதி அலமு, “பாவம் இல்லையா அனு, வாயில முள்ளைக் குத்திட்டு?” என்று கேட்டாள். “கொஞ்சம் பாவம்தான்,” என்று ஒப்புக்கொண்டாள் அனுசூயா. “அதனாலதான் முள் நுனிக்குப் பின்னால இருக்கற சின்ன எதிர்முள்ளைத் தட்டி மழுக்கிடறேன். கழற்றும்போது கிழிக்காது.”

ட்ரவுட் பழகிவிட்டது. சால்மன் வேறு.

1973இல் ரெஜான் அவர்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போனான். பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால், கண்ணாடி போன்ற தண்ணீரில் ஏழெட்டு சால்மன்கள், ஒவ்வொன்றும் கை நீளம், அசையாமல் நின்றன. கரையில் இறங்கப் போனபோது காவலாள் வந்தார். ஆறு ஒரு மீன்பிடிக் கிளப்புக்குச் சொந்தம், பாலத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“என் அப்பா முப்பது வருஷம் அந்தக் கிளப்காரர்களுக்குப் படகு தள்ளினார்,” என்றான் ரெஜான். “நான் பிறந்தது அதோ அந்த வீட்டில். இந்த ஆற்றில் ஒரு தடவைகூட நான் வீசியதில்லை.”

திரும்பி வரும் வழியெல்லாம் அனுசூயாவுக்கு வேறொரு யோசனை. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்கு ஏறிவரும் சால்மன் இரை எடுப்பதில்லை என்று படித்திருந்தாள். பசியே இல்லாத மீன் எதற்குப் பூச்சியைக் கவ்வுகிறது? யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவளுக்கு ஒன்று தோன்றியது. அது குஞ்சாக இருந்தபோது அதே ஆற்றில் இரண்டு மூன்று வருஷம் பூச்சி தின்று வளர்ந்ததுதானே. அந்தப் பழக்கம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா? ரெஜானிடம் சொல்லி, அந்த ஆற்றின் கற்களுக்கடியில் மணற்கூடு கட்டி வாழும் புழுக்களைச் சாராயப் புட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு குளிர்காலம் அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். சால்மனுக்கென்று கடைகளில் விற்றவை கிளி மாதிரி பளபளக்கும். இவள் கட்டியது காய்ந்த புளியின் நிறம்.

1978இல் அரசாங்கம் கிளப்புகளின் தனியுரிமையை எடுத்துவிட்டது. இனி சீட்டுக் குலுக்கிப் பொதுமக்களை விடுவார்கள். ரெஜான் ஊர் ஆற்றுக்கு அனுசூயா பெயர் எழுதிப் போட்டாள். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் விழுந்தது, கூட மீன்பிடிக்க ஒருவரை அழைத்து வரலாம். ரெஜானை அழைத்தாள். மணிவாசகம் பத்து மணி நேரம் கார் ஓட்டினார்.

வழிகாட்டியாக வந்த ஃபெர்னான் முன்பு கிளப்பில் வேலை பார்த்தவர். அனுசூயாவின் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “மதாம், இது ட்ரவுட்டுக்கு,” என்றார்.

“இந்த ஆற்றுக் குஞ்சுகள் தின்பது இதைத்தான்.”

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

காலை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. மேப்பிள் இலைகள் சிவப்பாக மிதந்து வந்து நூலில் மாட்டின. இரண்டு மணிக்கு மேல், ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் மெல்லப் புடைத்தது. மீன் மேலே வந்து பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டது. உடனே மறுபடி வீச அவள் கை துடித்தது. வீசவில்லை. கல்லில் உட்கார்ந்து, அதே பூச்சியில் இன்னும் சின்னதாக ஒன்றை எடுத்துக் கட்டினாள். மிரண்ட மீன் அடங்கட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தாள். ஃபெர்னான் அவளை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தார்.

அடுத்த வீச்சில் நூல் நின்றது. பிறகு கழி வளைந்தது.

மீன் ஆற்றோடு கீழே ஓடியது. பெரிய அளவு ரப்பர் பூட்ஸ் தொளதொளவென்று ஆட, அவளும் கரையோரமாக ஓடினாள். ஒரு இடத்தில் முழங்காலில் விழுந்தாள். “கழியைக் கொடுங்கள்,” என்று ஃபெர்னான் கை நீட்டினார்.

“தொடாதீர்கள்,” என்றாள்.

மணிவாசகம் கையில் ஃபிளாஸ்க்கோடு பின்னாலேயே ஓடிவந்தார். “விடாத அனு, விடாத,” என்பது தவிர அவருக்கு வேறு பேச்சு வரவில்லை. முப்பத்தைந்து நிமிஷம். கடைசியில் அது ஆழமில்லாத தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்தது. ஃபெர்னான் வலையை எடுத்தார்.

“வலை வேண்டாம்.”

“மதாம், இருபது பவுண்டு இருக்கும்.”

“வயிற்றில் முட்டை இருக்கிறது. அடுத்த மாதம் முட்டையிட மேலே போய்ச் சேர வேண்டும்.”

அவள் தண்ணீரில் மண்டியிட்டு, முள்ளைக் கழற்றி, மீனின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். செவுள் ஒரு தடவை, இரண்டு தடவை விரிந்து மூடியது. வால் அசைந்தது. பிறகு கை காலியாக இருந்தது.

பதினோரு வருஷம் இந்த நாட்டில் அவள் வேலையில் பார்த்ததெல்லாம் செத்து உலர்ந்த பூச்சிகள்தான். அவற்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டவர்கள் குறைவு. இன்று ஒரு கேள்வியை அவளே கேட்டு, அவளே பதில் கட்டி, ஆற்றில் போட்டிருந்தாள். ஆறு சரி என்றது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அதை அவள் மறைக்கவில்லை.

“அந்தப் பூச்சியை நான் பார்க்கலாமா?” என்றார் ஃபெர்னான். வாங்கி, உள்ளங்கையில் வைத்து, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாற்பது வருஷமாக இந்தப் புழுக்களை மிதித்து நடந்திருக்கிறேன்.”

மிச்ச நேரத்தை அவள் ரெஜானுக்குக் கொடுத்தாள். அவனுக்கு ஒன்றும் மாட்டவில்லை. வெளிச்சம் போகும்வரை அப்பா படகு தள்ளிய தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நின்று வீசிக்கொண்டே இருந்தான். கரையேறியபோது அவன் முகம், இருபது பவுண்டு மீனை அவன்தான் பிடித்தது போலிருந்தது.

அடுத்த மார்ச்சில் கஸ்பேயிலிருந்து ஃபெர்னானின் கடிதம் வந்தது. தனக்கும் மற்ற வழிகாட்டிகளுக்குமாகப் பன்னிரண்டு பூச்சி வேண்டுமாம். ஊரில் அதற்கு ‘மதாம் பூச்சி’ என்று பேர் வைத்துவிட்டார்களாம். மணிவாசகம் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் பார்ப்பவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினார்.

அனுசூயா சமையலறை மேஜையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பதினைந்து கட்டினாள். லென்ஸில் பார்த்து, மூன்றைச் சரியில்லை என்று ஒதுக்கிவிட்டு, மீதியை அனுப்பினாள்.