உப்புமுனியின் பொய்

உருத்திரமூர்த்திக்குப் பொய் சொல்ல வராது. மொன்றியல் துறைமுகத்தில் கொன்ரெய்னர் லொறி ஓட்டுகிற மனிதருக்கு இது பெரிய இடைஞ்சல். பிந்தி வந்தால் தெருவில் நெரிசல் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பலாம். இவரோ நித்திரையாகிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். கலியாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்புக் கூடிவிட்டது என்பார். சொந்தக்காரர்கள் அவரை ஒரு சபைக்குக் கூப்பிடவே யோசிப்பார்கள். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னார். அதையும் ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னார்.

அந்தப் பிள்ளை அஜந்தா, அவருடைய அக்காவின் மகள். போர் முடிந்த வருடம் அது. அக்கா செத்துவிட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகும், "அம்மா பின்னாலை வாறா" என்று சொல்லித்தான் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் இருந்த இடத்தைவிட்டு அசைந்திருக்கமாட்டாள். படகு, சென்னையில் காற்று வராத ஒரு அறை, கடைசியில் மொன்றியல். வந்திறங்கிய மார்கழியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குளிர் உடுப்புகளைக் குவித்து வைத்து, வேண்டியதை எடுக்கச் சொன்னார்கள். இருவருக்கும் எடுத்தாயிற்று. அம்மாவுக்கும் ஒன்று எடுங்கோ என்றாள் பிள்ளை. அவர் குவியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு நீலக் கோட்டை எடுத்து மடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிள்ளை மறந்துவிட்டது என்று அவர் நினைத்தார். ஆம்பிளைகளுக்கு இப்படி நினைப்பது சுகம். பதினாறாம் வயதில் ஒரு காலை, அம்மாவுக்கென்று தொங்கிக் கிடந்த நீலக் கோட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். அது அவளுக்கு அளவாக இருந்தது. அவர் வாசலில் நின்று, கையுறையை மறக்காதே என்று மட்டும் சொன்னார். எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அன்றைக்கு அவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் எப்போது தெரிந்தது, எவ்வளவு வெறுத்தாள் என்பதுதான் விளங்கவில்லை. என்றைக்கோ ஒருநாள் கேட்பாள், கேட்ட கையோடு பெட்டியைக் கட்டிவிடுவாள் என்ற பயம் அவரை விடவே இல்லை. பாவம், பயத்தைக்கூட ஒளிக்கத் தெரியாத மனிதர். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

இதற்கிடையில்தான் வசுமதி டொக்டர் வந்து சேர்ந்தார். சென்னைக்காரர், மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நெடுங்காலம் குடியிருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சிலேயே கனவு காணும் நம் பிள்ளைகளின் காதிலாவது தமிழ் விழட்டும் என்று ஒரு மாயக்கதை எழுதி, வாரம் ஒரு பாகமாக இணையத்தில் ஒலிநாடகமாக விட்டார். அதில் தாரிகை என்ற சிறுமி ஏழு மலை தாண்டி, அணைந்துபோன சூரியனை ஏற்றப் போகிறாள். அவளுக்கு வழிகாட்டுகிறவர் உப்புமுனி. தோளில் உப்பு மூட்டை, வாயில் எப்போதும் ஒரு புத்திமதி. தாரிகைக்குக் குரல் கொடுத்தவள் அஜந்தா. முனிவருக்குக் கனத்த குரல் வேண்டும் என்றதும், மாமாவை இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். டொக்டர் வீட்டில் கோட்டுகள் தொங்கும் சின்ன அறைக்குள் நின்று பேசினால் எதிரொலி வராது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கோட்டுகளுக்கு நடுவே மாமாவும் மருமகளும் நெருக்கியடித்து நின்று ஆறு மலை தாண்டிவிட்டார்கள். கோயிலில் சின்னப் பிள்ளைகள் உப்புமுனி என்று அவர் பின்னால் ஓடின. மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஏழாம் மலைக்கு டொக்டர் எழுதி அனுப்பியதைத் துறைமுக வாசலில், லொறி வரிசையில் நின்றபடி போனில் வாசித்தார். தாரிகையின் அம்மா மலைக்கு அப்பால் காத்திருக்கிறாள் என்று முனிவர் இவ்வளவு காலமும் சொன்னது பொய். அவள் முதல் பாகத்திலேயே இறந்துவிட்டாள். அது முனிவருக்குத் தெரியும். அதை இப்போது அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். முன்னால் லொறி நகர்ந்தது தெரியாமல் இருந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளினார்கள்.

உடனே டொக்டருக்குப் போன் போட்டார். தாயை உயிரோடு விடச் சொல்லிக் கெஞ்சினார். டொக்டருக்கு இவருடைய கதை தெரியாது.

"அவர் பொய் சொல்லலைன்னா அந்தப் பொண்ணு முதல் மலையிலேயே உக்காந்திருப்பா சார். நல்லவரா கெட்டவரான்னு கேக்கற பசங்களே முடிவு பண்ணட்டுமே."

"அவர் ஏன் சொன்னவர் எண்டு அவருக்குத் தெரியும், டொக்டர். அந்தப் பிள்ளைக்குத் தெரியுமே?"

அதைத்தான் தாரிகை கேட்கப் போகிறாள் என்று டொக்டர் சமாதானம் சொன்னார். அதைத்தான் தாங்க முடியாது என்று இவர் எப்படிச் சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை கோட்டு அறைக்குள் போனார்கள். டொக்டர் வெளியே காதில் ஹெட்போனோடு இருந்தார். அஜந்தா எதிரே, மூச்சுப் படும் தூரத்தில். உப்புமுனி தொடங்கினார். "தாரிகை, உன் தாய்..." அவ்வளவுதான் வந்தது. மறுபடி தொடங்கினார், அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். மூன்றாந்தரம் தாளை மடிக்கத் தொடங்கினார். அஜந்தா அந்தத் தாளை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"மாமா, அந்த நீலக் கோட்டு அம்மாவுக்குக் கட்டை."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா உங்களைவிட உயரம். நீங்கள் எடுத்தது எனக்குப் பேந்து வளந்தாப்பிறகு அளவா வாற கோட்டு. அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது."

உண்மைதான். அன்றைக்கு அந்தக் குவியலில் நீளக் கோட்டும் கிடந்தது. செத்துப்போன அக்காவுக்கென்று அதைத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. பிள்ளையாவது ஒருநாள் போடட்டும் என்று சின்னதை எடுத்தார். பொய் சொல்லத் தெரியாதவர் சொன்ன பொய் வேறு எப்படி இருக்கும்?

"அப்ப ஏன் பிள்ளை என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் அழுதிருப்பியள். எனக்கு அப்ப நீங்கள் ஒராள்தானே மாமா இருந்தனீங்கள். நீங்களும் உடைஞ்சு போனா நான் ஆரிட்டைப் போறது?"

உருத்திரமூர்த்தி அழுதார். அத்தனை வருடமும் தான்தான் அந்தப் பிள்ளையை நடத்திக்கொண்டு வந்ததாக நினைத்திருந்தார் மனிதர். அஜந்தா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பக்கத்தில் தொங்கிய ஏதோ ஒரு கோட்டின் கையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அது டொக்டருடைய விலையுயர்ந்த கம்பளிக் கோட்டு என்பதை இருவரும் கவனிக்கவில்லை. ஹெட்போனில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த டொக்டரும் கதவைத் தட்டவில்லை. பதிவை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பிறகு உருத்திரமூர்த்தி தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். தாரிகையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் தாய் முதல் நாளே இறந்துவிட்டாள் என்று கடைசிவரை தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார்.