திருவிருந்தும் எச்சில் படமும்

மெட்ராஸ் லேபில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வைத்து எடுத்த பாக்டீரியா படத்தை எங்கள் புரொபசர் வகுப்பில் காட்டினார். மனித எச்சிலில் இருந்ததாம். வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவோ கம்பளிப்பூச்சி மாதிரி உடம்பெல்லாம் சுருக்கமும் மயிரும்! மதியம் சோறே இறங்கவில்லை.

அந்த ஞாயிறு தாம்பரம் சர்ச்சில் திருவிருந்து. ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் எல்லோரும் வாய் வைத்துத் திராட்சரசம் குடிக்க வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் டி.பி. குணமாகி வந்த டெய்லர். லேசாக இருமினார்.

"அம்மா, ஆளை விடு. அவர் வாய் வெச்சதுல நான் குடிக்கணுமா? உவ்வே! அதுல என்ன ஊருதுன்னு நான் பாத்துட்டேன்."

"மெதுவா பேசித் தொலைடா!" என்று அம்மா கிள்ளினாள்.

டெய்லர் காதில் விழுந்துவிட்டது. திரும்பினார். "நீ முன்ன போ தம்பி. டாக்டர் சரியாயிடுச்சுன்னுதான் சொன்னாரு. இருந்தாலும் உனக்குப் பேஜாரா இருக்கும்ல?" சிரித்தபடியே வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

நான் குடித்தேன். எனக்கு முன்பே எத்தனையோ பேர் வாய் வைத்த கிண்ணம் அது. அவர்கள் எச்சிலிலும் அதே மயிர்ப்பூச்சிதான். தெரிந்தேதான் குடித்தேன்.

என் வாயை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது.