ராஜா கட்சி பேசி ஜெயித்த பரிசு

நாலாம் பாரத்து, அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு, அறைச் சுவரில் ஓர் இந்தியா படம் தொங்கும். அதில் வெள்ளைக்கார சர்க்காரின் நிலமெல்லாம் சிவப்பு, சுதேச ராஜாக்களின் நிலமெல்லாம் மஞ்சள். எங்கள் தென்காசி சிவப்பின் கடைசி ஓரத்தில் இருந்தது. மேற்கே நடந்தால் குடித்த கஞ்சி செரிப்பதற்குள் செங்கோட்டை வந்துவிடும். அங்கே திருவிதாங்கூர் மகாராஜாவின் மஞ்சள். என் அப்பா தினமும் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வேலைக்குப் போய்வந்தவர். செங்கோட்டை ரயில் கொட்டகையில், மலையேறும் எஞ்சின்களுக்குக் கரி அள்ளிப்போடுவது அவர் வேலை. பூகோளப் பாடத்தில் நிலக்கரி வந்தபோது அது எனக்குப் புதிதாக இல்லை. அப்பாவின் நகக்கண்ணில் அதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்தோடு என் படிப்பு நிற்பதாக இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளத்தில் சலுகை உண்டு. ஆனால் மீதிச் சம்பளமும் புத்தகமும் பரீட்சைக் கட்டணமும் எங்களுக்கு எட்டாத காரியம். அப்பா கொட்டகையில் எனக்கும் ஓர் இடம் சொல்லிவைத்திருந்தார். "பள்ளிக்கூடம் தொறக்குத அன்னைக்கு நீ எங்கூட வந்துரணும்லே. மேஸ்திரிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். அவரிடம் கோபித்து என்ன பிரயோசனம்? கோபித்தேன், அது வேறு விஷயம். பிறந்ததிலிருந்தே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

ஒரே ஒரு வழி இருந்தது. இலஞ்சிப் பண்ணையார் ஒருவர் வருஷந்தோறும் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சுப் போட்டி நடத்துவார். சரித்திர பூகோளப் பாடத்திலிருந்து ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஜெயிக்கிற பையனுக்கு ஐந்தாம் பாரம், ஆறாம் பாரம் இரண்டுக்கும் ஆகிற முழுச் செலவும் அவருடையது. அந்தப் பங்குனியில் தலைப்பு, மன்னராட்சியா மக்களாட்சியா என்பது. தலைமையாசிரியர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு மன்னராட்சி விழுந்தது.

போச்சு என்று நினைத்தேன். பெஞ்சில் பாதிப் பேர் கதர்க் குல்லா போட்டவர்கள். "ஏலே, உனக்கு எதுக்குலே ராஜா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பண்ணையார் நடுநாற்காலியில் உட்கார்ந்து, பேச்சு தொடங்கும் முன்பே சபைக்கு உறுதி சொன்னார்: "எவன் ஜெயிச்சாலும் சரி, எங்க அப்பா காலத்து நேர்த்திப்படி வைகாசி விசாகத்துக்கு மறுநாள் இலஞ்சி முருகன் சந்நிதியில வச்சு எங்க கையால பரிசு குடுப்போம். சாமி முன்னால வாங்காத படிப்பு வெளங்காது." கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னது எனக்கு எப்படிப் பொருந்தும் என்று அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் ஜெயிப்பேன் என்று நினைத்திருந்தால் அல்லவா தோன்றும்?

எதிர்க்கட்சி பேசியவன் ஒரு வக்கீல் வீட்டுப் பையன். நன்றாகவே பேசினான். ராஜாக்களின் சண்டை, அந்தப்புரம், வரி என்று விளாசிவிட்டு, "இனிமேல் உலகத்தை ஆளப்போவது நிலக்கரியும் பெட்ரோலும் அருவித் தண்ணீரும்தான். மக்களாட்சி வந்தால் குற்றாலத்து அருவியில் மின்சாரம் எடுத்து வீட்டுக்கு வீடு விளக்குப் போடுவோம்" என்று முடித்தான். கூரை அதிரக் கைதட்டல்.

என் முறை வந்தது, எழுந்தேன். தயார் செய்து வைத்திருந்த அசோகர், அக்பர் எல்லாம் மறந்துபோயின. வாயில் வந்ததைப் பேசினேன். "விளக்கு வரும். கம்பி எங்கள் தெரு முக்கு வரைக்கும் வந்து நின்றுபோகும். உள்ளே கொண்டுபோகலாமா வேண்டாமா என்று நீங்கள் எல்லாரும் கூடிக் கூடிப் பேசுவீர்கள்" என்றேன். பிறகு போன வருஷக் கதையைச் சொன்னேன். திருவிதாங்கூர் மகாராஜா தன் ராஜ்யத்துக் கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டார் என்று தெரிந்ததும் என் அப்பா என்னைப் பண்பொழிக்குக் கூட்டிப்போனார். திருமலைக் குமரன் கோயில் அந்த ஊர் மலைமேல்தான் இருக்கிறது. அது மகாராஜா எல்லை. அதுவரை அடிவாரத்தில் நின்று கும்பிட்ட மனிதர் மேலே ஏறி, மண்டபத்துக்குள் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, யாராவது அதட்டுகிறார்களா என்று பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் அதட்டவில்லை. "அந்த வாசலை எந்தக் கூட்டமும் திறக்கவில்லை. ஒரு ராஜாவின் ஒரு கையெழுத்துத் திறந்தது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அதே சிம்மாசனம்தான் அத்தனை தலைமுறையாக அந்த வாசலைப் பூட்டி வைத்திருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எதிராளி அதைத் திருப்பிக் கேட்டிருந்தால் நான் தொலைந்தேன். அவனுக்குத் தோன்றவில்லை. எந்த வாசலிலும் அவன் நிறுத்தப்பட்டதில்லை.

ஜெயித்தது நான் என்று தலைமையாசிரியர் வாசித்தார். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. இலஞ்சிக் கோயில் சிவப்பு நிலத்தில் இருக்கிறது. அங்கே எங்கள் ஆட்கள் வெளித்தெருவோடு சரி. தலைமையாசிரியர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பரிசை இங்கேயே, பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடலாமே" என்றார்.

பண்ணையார் தலையாட்டினார். "நேர்த்தின்னா நேர்த்திதான். சாமி முன்னாலதான் குடுக்கணும். அவனால வர முடியலைன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அதுதான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. தலைமையாசிரியர் கண்ணைக் காட்டுகிறார், நான் பார்க்கவில்லை. "இலஞ்சியிலயும் முருகன், திருமலையிலயும் முருகன். ஐயா அங்கன வந்து குடுங்க. நான் உள்ள வந்து வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

பண்ணையார் முகம் செத்துவிட்டது. காரணம் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கோயிலை எங்களுக்குத் திறந்துவிட்ட நாளிலிருந்து அவர் அந்த மலையை மிதிக்கவில்லை. தீட்டுப்பட்டுப்போன கோயில் என்று சொல்லிவந்தார். அவர் மனைவிக்குப் பிறந்த ஊரே பண்பொழி. மாதாமாதம் கார்த்திகைக்கு மலையேறுகிற அந்த அம்மாளையும் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார். ஆனால் ஒரு சபை முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'எவன் ஜெயிச்சாலும்' என்று சொன்ன வாய். "சரிலே, வாரோம்" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பின் வந்த கோடை முழுக்க எனக்கு இதே யோசனைதான். வருவாரா? வந்தாலும் உள்ளே நுழைவாரா? நுழையாவிட்டால் சாமி முன்னால் கொடுக்க முடியாது; நேர்த்தியைக் காட்டியே பரிசு இல்லை என்று சொல்லிவிடலாம். அப்பா, "பெரிய மனுசன வம்புக்கு இழுத்துட்டியேலே. கெடைச்ச கரி வேலையும் போயிரப்போவுது" என்று புலம்பினார். பள்ளிக்கூடம் விசாகம் கழிந்த மூன்றாம் நாள் திறக்கிறது. அன்றைக்கு நான் புத்தகத்தைத் தூக்குவேனா, கரிக்கூடையைத் தூக்குவேனா என்பது அந்த மலைமேல் தெரிந்துவிடும்.

விசாகத்துக்கு மறுநாள் விடியற்காலையில் அப்பாவும் நானும் மலையேறினோம். சாரல் தொடங்கியிருந்தது. படியெல்லாம் வழுக்கியது. திருவிழாக் கூட்டம் வடிந்து, கோயிலில் நாங்களும் குருக்களும் இன்னும் சிலரும்தான். சந்நிதிக்கு நேராகத் தூண் ஓரம் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும். வெயில் வந்தது, போனது, மறுபடி சாரல் வந்தது. அப்பா ஒவ்வொரு செருமலுக்கும் திரும்பிப் பார்த்தார். "வர மாட்டாவ, எறங்குவோம்" என்று அவர் சொன்ன நேரத்தில் வாசலில் குடை தெரிந்தது.

பண்ணையார் வந்துவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் தட்டு. இரண்டு பேரும் வாசற்படிக்கு வெளியே நின்றார்கள்.

"வெளிய வாலே, வாங்கிக்கோ" என்றார் பண்ணையார்.

அப்பா என் முதுகைத் தள்ளினார். போயிருந்தால் காரியம் முடிந்திருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம், சாமி முன்னால் வாங்கவில்லை, செல்லாது என்று மறுநாளே சொல்லியிருப்பார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் அப்போது ஓடவில்லை. வெறும் ஆங்காரம்தான். "நேர்த்தி சாமி முன்னாலதான ஐயா. உள்ள வாங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "ஏட்டி, தட்டக் கொண்டா. போவோம்" என்று மனைவியிடம் கையை நீட்டினார்.

அந்த அம்மாள் தட்டைக் கொடுக்கவில்லை. எங்களைத் தாண்டிச் சந்நிதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் முருகன் முகம் அங்கிருந்தே தெரியும். "இம்புட்டுத் தூரம் ஏறி வந்துட்டு அவனப் பாக்காம நான் எறங்க மாட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே படியைத் தாண்டிவிட்டாள். பண்ணையார் "ஏட்டி" என்று ஒரு தரம் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது, சாரலா கண்ணீரா தெரியவில்லை.

நேரே என் முன்னால் வந்தாள். தட்டில் வெற்றிலைபாக்கு, மஞ்சள் துணியில் முடிந்த பணம், புத்தம்புது பூகோளப் படப்புத்தகம். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். குனிந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கல்தரையில் தட்டை வைத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு சந்நிதிக்குப் போய்விட்டாள்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. எட்டி உதைத்துவிடலாம் என்று தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. அப்பா காதருகே வந்து, "எடுலே. புஸ்தகம் நனைஞ்சிரும்" என்றார். கூரைக்குக் கீழே நனைய ஒன்றும் இல்லை. எடுத்தேன்.

நாங்கள் வெளியே வந்தபோது பண்ணையார் அங்கேயே நின்றார். அவருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டோம். அவர் எங்களைப் பார்க்காமல் கேட்டார், "உள்ள என்ன செய்யுதா அவ?"

"கும்பிட்டுக்கிட்டு இருக்காவ, ஐயா" என்றேன்.

"வாராளா?"

"தெரியலயே. உள்ள போய்ப் பாருங்க."

அவர் வாசற்படியைப் பார்த்தார். நாங்கள் இறங்கத் தொடங்கினோம். சாரல் வலுத்தது, படப்புத்தகத்தை அப்பா தன் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பாதிப் படியில் நான் திரும்பிப் பார்த்தேன். காற்று குடையை மடக்கிவிட்டிருந்தது. மேலே கோயில் திறந்துதான் கிடந்தது. அவர் தலை நனைய வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். பாவம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.