நீண்டகால இலக்குகளில் ஒரு நடைபாதை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, தினமும் அரை மணிநேரம் நடக்கவேண்டும் என்று டொக்டர் என் மனைவியிடம் சொன்னபோது, நான் வீட்டை அளந்தேன். முன்வாசலிலிருந்து அடுப்படிச் சுவர் வரைக்கும் இருபத்திரண்டு காலடி. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் அல்லவா, கதிரையில் இருந்தபடியே கணக்குப் போட்டு, "அம்பது தரம் போய் வா புள்ள, சீனி தன்பாட்டுல இறங்கும்" என்றேன். அதோடு விட்டேனா? அவள் நடக்க நடக்க, இறைநாமம் எண்ணும் தஸ்பீஹ் மணியை உருட்டி அவளுடைய சுற்றுகளை எண்ணினேன். அல்லாஹ் மன்னிப்பான். அவள் மன்னித்தாளா என்பது இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். "இஞ்சேருங்க, சுவர்ல முட்டி முட்டித் திரும்புறத்துக்கு நான் என்ன கூட்டுல அடைச்ச கோழியா?"

வெளியே நடக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் எங்கள் கரையோர ஊரில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. வீட்டை விட்டு ஒழுங்கையில் ஒரு பெண் இறங்கினால் அதற்கொரு காரணம் இருக்கவேண்டும்: சந்தை, கிளினிக், கல்யாணம், மரணம். சும்மா நடப்பது காரணத்தில் சேராது. ஒரு நாள் அபாயாவைப் போட்டுக்கொண்டு துணிந்து இறங்கினாள். சந்தி வருமுன் நான்கு கேற்றில் தலையை நீட்டிக் கேட்டார்கள்: "என்ன ராத்தா அவசரமாப் போறீங்க, ஆரு மவுத்து?" திரும்பி வந்துவிட்டாள்.

"நீங்களும் கூட வந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

தேத்தண்ணிக் கடையில் இருக்கும் கூட்டாளிமார் கண்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். அதே முழங்காலோடு அன்று பின்னேரம் அந்தத் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தும் போனேன்.

பிறகு கட்டாரில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை கிடைத்தது. நாற்பது நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன என் மனைவி, ஒன்றரை வருடமாக அங்கேதான். பேரன் போனில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்குப் பல் கூடுகிறது, எனக்குக் குறைகிறது.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். இந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. வீட்டுக்காரி போய்விட்டாள், முப்பத்தைந்து வருடத்துக்கு முன் வந்த விருந்தாளி இருந்து வீடு காக்கிறான். எந்தப் போத்தலில் எந்தத் தூள் என்று விருந்தாளிக்கு இன்னும் தெரியாது. ஒரு காலை மல்லித்தூளில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, உடம்புக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அங்கே மகளின் வீட்டுப் பக்கத்தில் ஒரு பூங்காவாம். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அதற்குள் நடக்கிறாள். நடந்துகொண்டே எனக்குக் குரல் அனுப்புவாள்: சாப்பிட்டீங்களா, கோழிக்குத் தவிடு வெச்சீங்களா, வாசல் கூட்டினீங்களா. சொல்வது இவ்வளவுதான். நான் கேட்பது அதற்கு அடியில் இருப்பதை. சப்பாத்து தரையில் படும் சத்தம், இடைக்கிடை ஒரு மூச்சு. ஒரே குரலை நான்கைந்து தரம் போட்டுக் கேட்பேன். இவ்வளவு வேகமாக நடக்கக்கூடியவளா இவள்?

"எப்ப வாறாய்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வந்து எங்க நடக்கிற?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு நான் இருந்த நாட்களில்தான் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது. மக்களின் நலவாழ்வுக்குப் பத்தாண்டுத் திட்டம் வரைகிறார்களாம், வட்டாரத்து ஆட்கள் வந்து கருத்துச் சொல்லவேண்டுமாம். உண்மையைச் சொன்னால், தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பார்கள் என்றுதான் போனேன். பாடசாலை மண்டபத்தில் எங்களை மேசை மேசையாக இருத்திக் கலர் கடதாசிகள் தந்தார்கள். ஒரு கடதாசிக்கு ஒரு தேவை. என் மேசையில் வடிகான், நுளம்புக்கடி, கடலரிப்பு என்று எழுதினார்கள். நான் பச்சைக் கடதாசியில் "பெண்கள் நடப்பதற்கு ஒரு பாதை" என்று எழுதினேன்.

பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி எட்டிப் பார்த்தார். நாற்பது வருடக் கூட்டாளி. ஆகவே மரியாதை தெரியாதவர்.

"என்ன மச்சான், மனிசி ஊர்ல இல்லாத நேரம் பாத்துப் பொம்புளையளுக்குப் பாதை வெட்டுறாய்?"

மண்டபம் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குச் சும்மா இருக்க ஏலாது. எழுந்து நின்று தஸ்பீஹ் கதையை முழுவதும் சொன்னேன். ஆண்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். பின் மேசைகளில் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை.

"நான் மேல்மாடியில நடக்கிறன் சேர்" என்றாள் ஒருத்தி. "கொடியில காயுற உடுப்புக்குள்ளால."

"எனக்கு மாடியும் இல்ல. கட்டிலச் சுத்தித்தான்" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாவது பெண் எழும்பாமலே சொன்னாள்: "எங்கட உம்மாவையும் நடக்கத்தான் சொன்னாங்க. ஒரு காலை எடுத்த பொறகுதான் வெளிய கொண்டு போறம், வீல் செயார்ல."

மீன் வியாபாரி கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். "என்ட கடதாசியிலயும் அதையே எழுது மச்சான்" என்றார்.

கூட்டத்தை நடத்திய சபை உத்தியோகத்தரான பிள்ளை எல்லாவற்றையும் வாங்கிப் பெரிய தாளில் எழுதினாள். கடலோரமாக நடைபாதை, வெளிச்சம், இருக்கைகள், பெண்களுக்குத் தனி நேரம். மேலே தலைப்பு: நீண்டகால இலக்குகள், பத்து ஆண்டுகள்.

"ஏன் மிஸ், குறுகிய காலத்துல போட ஏலாதா?" என்று கேட்டேன்.

"அதுல போட்டா காணி ஆருட, அனுமதி எங்க எண்டு ஆயிரம் கேள்வி வரும் சேர். நீண்ட காலத்துல போட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டேன். அஸர் தொழுதுவிட்டு, பாதை வரப்போகும் இடத்தைப் பார்க்கப் போனேன். தோணிகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள், "ஆரத் தேடுறீங்க சேர்?" என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றேன். அவர்கள் நம்பவில்லை.

என்னை அறியாமல் ஊர்ப் பக்கமாக ஒதுங்கி நடந்துகொண்டிருந்தேன். கடலைப் பார்த்தபடி நடக்க அவளுக்கு மறுபக்கத்தில் இடம் வேண்டுமே. கொஞ்சத் தூரம் போன பிறகுதான், நான் நடக்கும் வேகத்துக்குப் பின்னால் வரும் யாராலும் எட்டிப்பிடிக்க முடியாது என்று பட்டது. மெதுவாக நடந்தேன். ஒற்றை ஆளாக மெதுவாக நடப்பது சரியான கஷ்டம்.

அங்கேயே நின்று தாளின் படத்தை அவளுக்கு அனுப்பினேன். கூடவே குரலும்: "இஞ்ச புள்ள, பாதை வரப்போகுது. கடலோரமா. நானும் கூட நடக்கிறன், பொய்யில்ல. நீ வா."

அவளுடைய வீட்டுக்கு அவளையே நான் அழைப்பது அதுதான் முதல் தடவை.

கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. எப்போதும் குரல் அனுப்புகிறவள், அன்று எழுதித்தான் அனுப்பினாள்:

"எனக்கு இப்பவே அறுபத்தொரு வயசு."