பழைய எண், புதிய எண்

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்த காலம். மூன்று மாத நெட்வொர்க்கிங் கோர்ஸ் முடித்திருந்தேன். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து பத்திரப்படுத்தினேன். படித்ததை அப்படிச் செய்ய வழியில்லாததால் அது முதல் மழையிலேயே கரைந்துவிட்டது.

அந்த நிலையில்தான் ஒரு நாள் சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். எஞ்சினியரான கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டின் விளக்குகளையும் ஃபேன்களையும் ஒரு பெட்டியோடு இணைத்து, எது எப்போது ஓட வேண்டும் என்று நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருந்தார் அவர். டிபன் டப்பா அளவில், சாம்பல் நிறத்தில், ஹால் சுவரில் தொங்கியது அந்தப் பெட்டி.

"ஆறு பத்துக்கு கேட் லைட் எரியும் தம்பி. பெட்டிக்குள்ள டக்குனு ஒரு சத்தம் கேக்கும். அடுத்த நிமிஷம் வராண்டா. அப்புறம் ஹால். அப்புறம் அவர் ரூம் ஃபேன். அவர் ஆபீஸ்லேருந்து வர்ற மாதிரியே இருக்கும்."

"நல்லாத்தானே இருக்கு டீச்சர்?"

"இப்பல்லாம் லேட்டா வர்றார்."

டீச்சர் சொன்ன விதத்தில் நான் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இடி விழுந்து பழைய மோடம் போய், புதிது வந்திருந்தது. பெட்டியோ இன்டர்நெட்டைக் கேட்டு மணி தெரிந்துகொள்ளும் ரகம். மோடம் மாறியதும் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. ஒவ்வொரு கரன்ட் கட்டுக்கும் அதன் கடிகாரம் நின்று, நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடியது. அன்றைக்கு ஐம்பது நிமிடம் பின்தங்கியிருந்தது.

நெட்வொர்க் முகவரியில் முன்பகுதி தெரு மாதிரி, கடைசி எண் கதவெண் மாதிரி. புது மோடம் வேறு தெரு. பெட்டி மட்டும் பழைய தெருவிலேயே குடியிருந்தது. அதைக் குடி மாற்றினால் போதும். ஆனால் அதன் கதவெண் யாருக்கும் தெரியவில்லை.

கடை முதலாளிக்குப் போன் போட்டேன். முதலாளி என்றாலும் நண்பன்.

"இன்னாத்துக்கு மச்சான் பேஜார் பண்ணிக்கினு கீற? பின்னாடி ரீசெட் ஓட்டை கீது பாரு. குண்டூசிய வுட்டு அமுக்கிட்டு வந்துகினே இரு."

குண்டூசியோடு பெட்டியை நெருங்கினேன்.

"அதை அமுக்கினா, அவர் போட்டு வச்ச நேரமெல்லாம் என்னாகும்?"

"போயிடும் டீச்சர். நான் புதுசா போட்டுத் தர்றேன்."

"நீங்க போட்டா நீங்கதானே வருவீங்க?"

குண்டூசியைச் சட்டையில் குத்திக்கொண்டேன்.

பெட்டியை வயர்களோடு மெல்லத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பென்சில் எழுத்து: பழைய எண் 14, புதிய எண் 52. நம் ஊரில் எந்த வீட்டுக்குத்தான் ஒரே கதவெண்? "பெட்டி தொலைஞ்சா வூடு தேடி வரட்டும்னு சார் அட்ரஸ் எழுதியிருக்கார்," என்று சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

பழைய மோடத்தின் கையேட்டில் தெரு கிடைத்தது. லேப்டாப்பை அந்தத் தெருவுக்கு மாற்றி, ஒவ்வொரு எண்ணாக, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன். பத்தாம் எண்ணிலிருந்து பதில் வந்தது. அதே பெட்டிதானா என்று உறுதி செய்ய அதன் கேபிளைப் பிடுங்கினேன்.

பதில் நிற்கவில்லை. நொடிக்கு ஒரு வரியாகத் திரையில் வந்துகொண்டேயிருந்தது. பிடுங்கிய கேபிள் என் கையில் இருந்தது.

"டீச்சர்... கழட்டியும் பதில் சொல்லுது."

"அவர் அப்படித்தான். எங்க இருந்தாலும், கூப்பிட்டா ஒரு குரல் குடுத்துடுவார்."

'காற்று வாங்கிவிட்டு வருகிறேன்' என்று கேட்டுக்கு நழுவினேன். அப்படியே பைக்கைக் கிளப்பும் உத்தேசமும் இருந்தது, மறைப்பானேன். கேட் தூணில் கல் பதித்திருந்தது: பழைய எண் 6, புதிய எண் 11.

பதினான்கும் இல்லை, ஐம்பத்திரண்டும் இல்லை. பென்சிலில் இருந்தது வீட்டின் எண் அல்ல, பெட்டியின் எண். அவர் ஏற்கெனவே ஒரு முறை மாற்றி, எனக்காகவே எழுதிவைத்தது போல வைத்திருந்தார்.

உள்ளே ஓடினேன். முதலில், பத்தாம் எண்ணில் பேசியது யார்? மோடத்திலிருந்து ஒரு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஷோகேஸுக்குப் பின்னால் வெளிநாட்டு மகன் அனுப்பிய இன்டர்நெட் போன். அதுவும் பழைய தெருவிலேயே அநாதையாக நின்றிருந்தது. நான் கூப்பிடக் கூப்பிட அதன் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. எனக்கு உயிர் வந்தது.

பெட்டியின் கேபிளைச் செருகிவிட்டு ஐம்பத்திரண்டைக் கூப்பிட்டேன். பதில் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. டீச்சர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, தானே அடித்தார்.

பிறகு என் வாழ்நாளில் முதன்முறையாக ஒழுங்காக வேலை செய்தேன். இருந்த எண்களையெல்லாம் தாளில் எழுதினேன். அவர் குறித்த நேரங்களை லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்தேன். புதுத் தெருவில் ஐம்பத்திரண்டில் யாரும் குடியில்லை என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மோடம் தானாகப் பங்கிடும் எண்களுக்குள்ளும் அது வரவில்லை. வெளியுலகுக்கு வாசல் எது என்பதையும் நிரப்பிவிட்டு, சேமி என்று அழுத்தினேன்.

திரை உறைந்தது. குடி மாறியவர் பழைய கதவைத் திறக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். லேப்டாப்பையும் புதுத் தெருவுக்கு மாற்றிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி. இல்லை. மூன்றாவதில் வந்தது. நேரங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. பெட்டியின் கடிகாரம் ஒரே தாவலில் ஆறு இருபத்தைந்துக்கு வந்துவிட்டது.

டீச்சர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கேட் லைட் எரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிகாரம் ஆறு பத்தைத் தாண்டிக் குதித்திருந்தது.

"இன்னிக்கு வரமாட்டாரா தம்பி?"

"நாளைக்கு கரெக்டா வந்துடுவார் டீச்சர்," என்றேன். என் வாயில் அந்த வாக்கியம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "கேட் லைட்டக் கையால போடட்டா?"

"வேண்டாம். நாம போட்டா, வந்துட்டார்னு ஆயிடும்."

மறுநாள் கடையில் என்னைக் கேட்டு போன் வந்தது. "டீச்சர் பேசறேன். பேசாதீங்க," என்றார். காதில் வைத்துக்கொண்டு நின்றேன். வெறும் இரைச்சல். பிறகு டக். ஒரு நிமிடம் யாரும் மூச்சுவிடவில்லை. டக். மறுபடி டக். நான்காவதற்குப் பின் தூரத்தில் ஒரு ஃபேன் கரகரவென்று சுழலத் தொடங்கியது.

"ஸ்தோத்திரம்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"யாரு மச்சான், இவ்ளோ நேரம் ஒண்ணுமே பேசாம?" என்றான் முதலாளி.

"ஒருத்தர் வூட்டுக்கு வந்துட்டாரு," என்றேன்.